மேல்கோட்டைக் குகையில் சேராத கோடு

ஐயா, அம்மா, இதைக் கையில் எடுத்த தங்களுக்கு முதற்கண் என் வணக்கம். நான் மேட்டூரை அடுத்த சிற்றூரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் காவலாளியாக முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பயின்றதில்லை. காவல் கொட்டகைக்கு வந்துசேர்ந்த செய்தித்தாள்களே எனக்கு ஆசிரியர்கள். ஆதலால் நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டும். செய்தியில் குறை வைக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவே ஒரு மாசி மாதத்தில் நான் மைசூருக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் என் மருமகன் பழனிச்சாமி கடைசல் இயந்திரத்தில் வேலை பார்க்கிறார். என் மகள் வசந்தா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் எழுதிய கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டு வரிதான். மீதி முழுவதும் கணவர்மேல் புகார். ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தாருடன் சேர்ந்து பாறைக் குகைகளுக்குள் தவழ்ந்து போகிறாராம்; அளக்கிறாராம்; படம் வரைகிறாராம். யாருக்கும் சம்பளம் கிடையாதாம். "நீங்கள் நேரில் வந்து சொன்னால்தான் கேட்பார். வந்து நிறுத்துங்கள் அப்பா" என்று முடித்திருந்தாள். நிறுத்துவதற்காகவே நான் புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பாலாற்றுச் சோதனைச் சாவடியில் பேருந்து நின்றது. அந்நாட்களில் காட்டுப் பாதையில் சோதனை கடுமை. காவலர் ஒருவர் என் பையைத் திறந்து அதிரசத் தூக்கை வெளியே எடுத்தார். கன்னடத்தில் ஏதோ கேட்டார். "இத்தனையும் யாருக்குன்னு கேக்கறாரு" என்றார் நடத்துநர். கர்ப்பிணி மகளுக்கு என்றேன். காவலர் ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, மூடியை அவரே அழுத்தி மூடித் திருப்பிக் கொடுத்தார். "வெல்லம் கொஞ்சம் ஜாஸ்தியாம், ஆனா நல்லா இருக்குதாம்" என்று நடத்துநர் அந்தத் தீர்ப்பையும் தமிழாக்கினார்.

காட்டுக்கு நடுவே சக்கரத்தில் காற்று இறங்கியது. எல்லோரும் இறங்கி மூங்கில் நிழலில் நின்றோம். ஹனூருக்குப் போகும் அம்மையார் ஒருவர் வெற்றிலை மடித்தபடி என்னிடம் பேச்சுக் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பேச்சாகவே இருந்தது.

"மாப்புள்ளைக்கு என்னங்க வேலை?"

தொழிற்சாலை வேலையைச் சொல்லிவிட்டு, குகை அளப்பதையும் சொன்னேன்.

"பொந்துக்குள்ளீங்களா? பொதையல் தேடறாராட்ட இருக்குது. கெடச்சாச் சொல்லியுடுங்க, நானும் ஒரு கடப்பாறை எடுத்துக்கிட்டு வாரேன்" என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். என் மருமகனைக் குறித்து ஊரார் சிரிப்பது எனக்கு உவப்பாக இல்லை. நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

கொள்ளேகாலத்தில் மதிய உணவு. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். காலையில் அதிரசத்தில் வெல்லம் ஜாஸ்தி என்று கேட்டுவந்த எனக்கு இது விளங்கவில்லை. ஆயினும் மோர் எங்கள் ஊரைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலையில் மைசூரை அடைந்தேன். வீதிகள் அகலமானவை. மரங்கள் வீதிக்கு மேலே கைகோத்து நின்றன. ஒருவரும் உரக்கப் பேசக் கேட்கவில்லை.

வசந்தா வாசலிலேயே நின்றிருந்தாள். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுராதீங்கப்பா. நாளைக்கு அவங்க டீச்சர் வீட்டுல கூட்டம். கூடவே போய்ப் பாருங்க. பாத்துட்டு அப்புறம் புடிச்சு ஏசுங்க" என்றாள். கம்பெனிப் பேருந்தில் வந்திறங்கிய மாப்பிள்ளை எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாங்க மாமா, பஸ்ஸு லேட்டுங்களா?" என்றார். நல்ல மனிதர். அதில் எனக்கு என்றும் ஐயம் இருந்ததில்லை.

சனிக்கிழமை மாலை அவருடன் சென்றேன். குகை அளப்போர் சங்கத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மைதிலி டீச்சர் என்பவரின் முன்னறையே அலுவலகம். மேல்கோட்டையைப் பூர்விகமாகக் கொண்ட வைணவக் குடும்பத்து அம்மையார். ஐம்பது வயது இருக்கும். பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. உறுப்பினர் மொத்தம் ஒன்பது பேர். மறுநாள் குகைக்குப் போகவிருந்தவர்கள் மூவர்: டீச்சர், என் மாப்பிள்ளை, தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் புட்டசாமி.

நான் ஒளிவு மறைவின்றிக் கேட்டேன்: "அம்மா, இதனால் யாருக்கு என்ன பயன்?"

டீச்சர் கோபிக்கவில்லை. "எங்க அகத்துல அப்பாவும் பெரியப்பாவும் எங்க ஊர் மலையிலே குகை ஏழா பன்னெண்டான்னு இருபது வருஷம் சண்டை போட்டா. ரெண்டு பேரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லே. நான் போய் எண்ணினேன். முப்பத்தொண்ணு இருந்தது. அப்புறம் என்ன, விட மனசு வரலே. ஸ்வல்ப காபி சாப்பிடுங்கோ."

அவர்களுடைய கட்டுப்பாடுகள் என்னைக் கவர்ந்தன. பாறையில் பெயர் எழுதக் கூடாது. கடலைத் தோலைக்கூட உள்ளே போடக் கூடாது. கண்ணால் பார்த்ததைப் படத்தில் வரையக் கூடாது. அளந்ததை மட்டுமே வரையலாம். முடிந்த படத்தின் மூலையில் அளவு நாடா பிடித்தவர், திசை பார்த்தவர், எழுதியவர் என மூன்று பெயர்கள் இருக்கும். ஒரு சிறு குகையின் படத்தில் "திசை: பழனிச்சாமி" என்று கறுப்பு மையில் இருந்தது. மாப்பிள்ளை அதைச் சுட்டிக்காட்டவில்லை. நான் அதைப் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நகராமல் நின்றார்.

பெரிய குகையின் படம் மட்டும் முடியாமல் கிடந்தது. அதற்கு இரண்டு வாய்கள். மேல்வாயில் தொடங்கி, உள்ளே அளந்து இறங்கி, கீழ்வாயில் வெளியேறி, வெளிப்புறமாக அளந்துகொண்டே மீண்டும் மேல்வாய்க்கு வர வேண்டும். தொடங்கிய புள்ளியில் கோடு வந்து சேர வேண்டும். மூன்று மாதமாகச் சேரவில்லை. ஒவ்வொரு முறையும் முப்பது அடி, நாற்பது அடி விலகிப் போயிற்று.

"நம்ம படத்துப்படி குகைக்குள்ள போறவன் ஆலமரத்து உச்சியில வெளியே வரணும்" என்று புட்டசாமி கன்னடத்தில் சொல்ல, மாப்பிள்ளை அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. காரணம் சற்றுப் பொறுத்தே எனக்கு விளங்கியது. திசைகாட்டி பார்ப்பவர் அவர். வெட்டவெளியில் சோதித்தால் சரியாகவே பார்க்கிறார். குகைக்குள் போனால் தவறுகிறது.

டீச்சர் என்னைத் தனியே அழைத்துத் தணிந்த குரலில் சொன்னார்: "கண்ணுலே கோளாறு இல்லே. அப்பாவாகப் போறார் பாருங்கோ, உள்ளே போனா மனசு பதறறது, அவசரமாப் படிச்சுடறார்னு நினைக்கிறேன். நாளைக்கு ஒரு தடவை பார்ப்போம். சேரலேன்னா திசையைப் புட்டசாமி பார்க்கட்டும்."

பயந்தவர் என்று பெயர். அதை அன்பாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை அடுத்த அறையில் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும்.

ஞாயிறு விடியலில் மேல்கோட்டைப் பேருந்து. வழியெல்லாம் கரும்பு. கோயில் தெருவில் புளியோதரைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, ஊருக்கு அப்பால் ஒரு பாறைக் குன்றுக்கு நடந்தோம். யானை யானையாகப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்க, அவற்றின் இடுக்குகளே குகைகள். மேல்வாய் ஓர் அடுப்பின் வாய் அளவுதான் இருந்தது. அதற்குள் மனிதர் போவதைப் பார்க்கையில் என் மகளின் அச்சம் நியாயமானதே என்று பட்டது.

உள்ளே போகுமுன் ஒரு சடங்கு போல ஒன்று செய்தார்கள். இரும்பைக் கழற்றினார்கள். இரும்பு அருகில் இருந்தால் திசைகாட்டியின் ஊசி பொய் சொல்லுமாம். சாவி, கைக்கடிகாரம், ஊக்கு, இடைவாரின் கொக்கி எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போயின. திசை பார்ப்பவருக்கு மின்விளக்கும் ஆகாது, மெழுகுவர்த்திதான். மாப்பிள்ளை சட்டைப் பையை வெளிப்புறமாக இழுத்துக் காட்டினார். பிறகு மூவரும் பிளாஸ்டிக் தலைக்கவசம் அணிந்தார்கள்.

"ஐயா, இந்தப் பை உங்ககிட்ட இருக்கட்டும். திரும்பி வரும்போது என் பெல்ட்டு இல்லேன்னா நான் குகையிலேயே குடித்தனம் பண்ணணும்" என்று புட்டசாமி சொன்னதையும் மாப்பிள்ளைதான் தமிழாக்கினார்.

வெளியே ஒருவர் காவல் இருப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பொறுப்பு அன்று எனக்கு. டீச்சர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: "பன்னிரண்டு மணிக்கு வெளியே வருவோம். ஒரு மணிவரை வராவிட்டால் ஊருக்குள் போய்ச் சொல்லவும். எக்காரணம் கொண்டும் தேடி உள்ளே வரக் கூடாது."

அவர்கள் போன பின்பும் குரல் வந்துகொண்டிருந்தது. "நூத்தி நாப்பத்திரண்டு" என்று திசை எண்ணைச் சொல்வார் மாப்பிள்ளை. "நூத்தி நாப்பத்திரண்டு" என்று டீச்சர் திருப்பிச் சொல்லி எழுதுவார். நாடா எண்ணைப் புட்டசாமி கன்னடத்தில் கூவுவார். அதையும் டீச்சர் கன்னடத்தில் திருப்பிச் சொல்வார். அந்த மூன்று குரல்களில் ஒன்றுகூடப் பதறியதாக என் காதுக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார்கள். பாதி முடிந்தது, மீதி பாதி மதியத்துக்கு மேல். புளியோதரை உண்டோம். எங்கள் வீட்டுப் புளிச்சோற்றில் இல்லாத ஒரு மிளகு வாசம் அதில் உண்டு. கை கழுவ மூவரும் கீழே சுனைக்கு இறங்கினார்கள்.

டீச்சரின் பழைய திசைகாட்டி ஒன்று பாறைமேல் குடையருகே இருந்தது. அதை எடுத்துச் சமதளத்தில் வைத்துப் பார்த்தேன். ஊசி ஆடி அடங்கிற்று. நான் வசதியாக உட்கார எண்ணி, மாப்பிள்ளையின் தலைக்கவசத்தை இப்பால் நகர்த்தினேன். ஊசி திரும்பிற்று. கவசத்தை அப்பால் எடுத்தேன். ஊசி பழைய இடத்துக்குப் போயிற்று. மீண்டும் அருகே கொண்டுவந்தேன். மீண்டும் திரும்பிற்று. புட்டசாமியின் கவசத்தை வைத்துப் பார்த்தேன். அசைவில்லை.

மாப்பிள்ளையின் கவசத்துக்குள், நெற்றியில் படும் பஞ்சுப் பட்டையைத் தடவினேன். உள்ளே விரற்கடை நீளத்தில் கெட்டியாக ஒன்று. பட்டையின் ஓரத்தில் சிவப்பு நூல் தையல். மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு. அப்படித் தைப்பவளை எனக்குத் தெரியும். என் வேட்டி ஓரங்களை அவள் அப்படித்தான் மடித்துத் தைப்பாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி தலைமாட்டில் இரும்பு வைப்பது உண்டு. காத்துக் கருப்பு அண்டாது என்பார்கள். தனக்கு வைத்துக்கொள்ள வேண்டியதை அவள் கணவர் நெற்றியில் தைத்திருக்கிறாள். கரு உண்டாகி ஐந்து மாதம். கோடு சேராமல் மூன்று மாதம். குகைக்குள் கவசம் அணிந்து திசைகாட்டியைக் கண்ணருகே பிடிக்கும்போதெல்லாம் அந்த இரும்பு ஊசிக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்திருக்கிறது.

ஐயா, இந்த இடத்தை நான் நிதானமாக எழுத வேண்டும். சுனையிலிருந்து அவர்கள் மேலேறி வரும் பேச்சுக் கேட்டது. நான் வாய் திறந்தால் மாப்பிள்ளைமேல் உள்ள பழி அந்தக் கணமே நீங்கும். திறக்காவிட்டால் அன்றைக்கும் கோடு சேராது. அவர் தாமே விலகுவார். மகள் கேட்டது நடக்கும். நான் வந்த காரியம் ஒரு கடுஞ்சொல் இல்லாமல் முடியும். இவ்வளவையும் எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தே, தலைக்கவசத்தை இருந்த இடத்தில் வைத்தேன். மாப்பிள்ளை அதை எடுத்து அணிந்துகொண்டு, "மாமா, வெயிலு ஏறுது, நெழல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான்கு மணிக்குக் கீழ்வாய் வழியே வெளியேறி, வெளிப்புறத்தையும் அளந்து முடித்து வந்தார்கள். மாப்பிள்ளையின் கால்சட்டை இரு முழங்காலிலும் கிழிந்திருந்தது. டீச்சர் பாறைமேல் கட்டத்தாளை விரித்துப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனார். கடைசிப் புள்ளியை வைத்தபின் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். யாரும் எத்தனை அடி என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளை கழுத்திலிருந்து திசைகாட்டியைக் கழற்றிப் புட்டசாமியின் கழுத்தில் மாட்டினார். "இனிமே நீங்க பாருங்கண்ணா. எனக்கு ஆகலை." புட்டசாமிக்கு அன்று முதன்முறையாகக் கேலி வரவில்லை.

வீட்டில் வசந்தா மாலையில் கதவு திறந்ததும் நான் தலையசைத்தேன். காரியம் முடிந்தது என்று அவள் புரிந்துகொண்டாள். அவள் முகம் மலர்ந்தது சிறிது நேரம்தான். மாப்பிள்ளை தலைக்கவசத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தார். பிறகு ஜன்னலருகே உட்கார்ந்து, "வசந்தா, இங்க வா. என் கண்ணு செவந்திருக்குதா பாரு" என்றார்.

"ஏங்க, என்ன?"

"டீச்சரு பயம்னு நெனைக்கறாங்க. பயமில்லை எனக்கு. அப்ப கண்ணுதான். இருட்டுல தப்பாப் படிக்குது. கம்பெனில மைக்ரோமீட்டர்ல முடி அளவு தப்பினாப் பீஸு போச்சு. நாளைக்கு சூப்பர்வைசர் கிட்டச் சொல்லிடறேன். அவனா கண்டுபுடிச்சு அனுப்பறதுக்கு முன்னால நானே மெஷினை வுட்டு எறங்கிக்கறேன்."

மாவு பிசைந்துகொண்டிருந்த வசந்தாவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அன்று அக்கி ரொட்டி என்னும் அரிசிமாவு ரொட்டி சுட்டாள். மூவருமே தட்டில் மிச்சம் வைத்தோம்.

திங்கள் காலை. கம்பெனிப் பேருந்துக்கு அரை மணி இருந்தது. மாப்பிள்ளை இட்லித் தட்டின் முன் உட்கார்ந்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்த பொட்டலத்தை எடுத்தேன்.

"வசந்தா, கத்திரிக்கோல் கொண்டா" என்றேன்.

எதற்கென்று அவள் கேட்கவில்லை. கொண்டுவந்தாள், கவசத்தை என்னிடமிருந்து வாங்கித் தானே சிவப்பு நூலை வெட்டினாள். குங்குமம் தடவிய ஓர் இரும்பாணி மாப்பிள்ளையின் தட்டோரம் விழுந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆணி" என்றார். பின் சிரித்தார். "ஏண்டி, ஆணியா? மூணு மாசமா என் தலைமேல ஆணியா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான் வெச்சேன். அது ஊசியக் கெடுக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்று அழுதாள். அவள் தலையில் கை வைத்து, "சரி, சரி, வுடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்பப் பாத்தீங்க மாமா?"

"நேத்து. சோத்து நேரத்துல."

"சோத்து நேரத்துலயேங்களா?" அவர் குரல் உயரவில்லை. "அப்புறம் ரெண்டு மணி நேரம் மொழங்காலு தேய உள்ள நவுந்தனுங்களே மாமா. டீச்சருக்கு மூட்டுவலி. புட்டசாமி அண்ணனுக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் லீவு. நீங்க வெளிய உக்காந்துட்டுத்தான இருந்தீங்க?"

முப்பது ஆண்டுக் காவல் பணியில் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போனார். சூப்பர்வைசரிடம் எதுவும் சொல்லவில்லை.

மாலையில் நால்வரும் டீச்சர் வீட்டில் கூடினோம், வசந்தாவும் வந்தாள். டீச்சர் ஆணியைத் திசைகாட்டியருகே வைத்தார், எடுத்தார், வைத்தார். "மூணு மாசத்து எண் அத்தனையும் போச்சு. திரும்ப அளக்கணும்" என்றார். குரலில் வருத்தத்தைவிட நிம்மதியே அதிகம். பிறகு வசந்தாவைப் பார்த்து, "உங்களுக்குப் பயம் போகலேன்னா செப்புத் தகடு வெச்சுத் தைச்சுக் கொடுங்கோ" என்றார்.

"செம்புக்குக் காத்துக் கருப்பு பயப்படுங்களா டீச்சர்?"

"அது எனக்குத் தெரியாது. ஊசி பயப்படாது."

புட்டசாமி தம் கழுத்திலிருந்த திசைகாட்டியைக் கழற்றி, மேசையைச் சுற்றிவந்து, மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்டார்.

அப்போதுதான் அவர்களுடைய இன்னொரு வழக்கத்தை அறிந்தேன். ஒவ்வொரு படத்துடனும் ஓர் உறை உண்டு. அளவில் பிழை நேர்ந்தால், பிழை செய்தவர் தம் கையால் அதை எழுதி உறையில் வைக்க வேண்டும். பின்னாளில் வருபவருக்கு எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரிய வேண்டுமல்லவா? மாப்பிள்ளை தம் பெயரை மட்டும் போடலாம் என்றார். வசந்தா கேட்கவில்லை, இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். டீச்சரும் எழுதினார்: "சட்டைப் பையைச் சோதித்த நான் தலையைச் சோதிக்கவில்லை. சோதிக்காமலே ஒருவருடைய தைரியத்தைக் குறை சொன்னேன்."

எனக்கும் ஒரு தாள் கேட்டேன். மாப்பிள்ளை "வேண்டாம் மாமா" என்றார். டீச்சர் மறுக்காமல் தாளை நீட்டினார். ஒரு தாளில் அடங்கவில்லை. ஊருக்கு வந்து இதை எழுதலானேன்.

பங்குனி முடிவில் மாப்பிள்ளையிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. நான்கு ஞாயிறு முயன்று முழுவதும் அளந்தாயிற்றாம். கோடு ஒரு முழத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டதாம். கடைசி ஞாயிறு வசந்தா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, மேல்வாயில் சீட்டை வைத்துக்கொண்டு காவல் இருந்தாளாம். படத்தின் மூலையில் திசைக்கு அவர் பெயரே இருக்கிறது.

ஆகவே இந்தக் குறிப்பு இதுதான். என் மருமகனின் கண்ணில் பழுதில்லை. நெஞ்சில் அச்சமும் இல்லை. மகள் அறியாமல் செய்தாள். அந்த ஞாயிறு மதியத்துக்கு மேல் எடுத்த எண்கள் பொய் என்பது, எடுப்பதற்கு முன்பே ஒருவனுக்குத் தெரியும். அவன் நான்.

ஐயா, அம்மா, இதைப் படித்து முடித்தபின் அந்தப் படத்தின் உறையிலேயே திரும்ப வைத்துக் காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.